இரண்டாவது வாசல்

சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. விலைப்பட்டியலில் ஆளாளுக்குக் கை வைத்தார்கள். எரிச்சலில், முதலாளி மட்டும் திறக்கும்படி அதைப் பூட்டினேன். அவர் பாஸ்வேர்டு அடித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆடி அமாவாசைக்கு அவர் சதுரகிரி மலையேறினார். அங்கே செல்போன் எடுக்காது. ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரி, விலை தெரியாமல் எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்த முதலாளி திட்டவில்லை.

"ஏம்மா, மருந்து அடைக்கிற ரூமுக்கு எத்தன வாசல் வச்சிருக்கோம்?"

"ரெண்டு, அண்ணாச்சி. ஒரு பக்கம் தீப்பிடிச்சா மறுபக்கம் ஓடணும்ல."

"இதுக்கு மட்டும் ஒண்ணு போதுமா? ஒம் பேருலயும் ஒரு பாஸ்வேர்டு போடு."

உட்கார்ந்து அடித்தேன். அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.