முப்பது சென்ட் மயில்காடு

முருகலட்சுமி அத்தைக்கு நரிக்குடிக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி இரண்டரை ஏக்கர் செவல்காடு. அதற்கு மேற்கே அவருடைய கொழுந்தன் மொக்கையனின் காடு. நடுவில் ஒரு வரப்பு. அத்தையின் புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் ஊருக்கு வருவார். நல்லது கெட்டதுக்கு மொக்கையன்தான் முன்னால் நிற்பார்.

அடுத்த வீட்டில் இருந்ததால் 1993-இல் நடந்ததை நானும் பார்த்தேன்.

கண்மாய்க் கரையின் கருவேலங்காட்டில் மயில்கள் பெருகியிருந்தன. முந்தின வருஷம் மொக்கையன் போட்ட கடலையை மூன்று தடவை தோண்டித் தின்றுவிட்டன. ஆவணி மாதம் ஒரு நாள் அவர் கையில் பூச்சிமருந்து டப்பாவோடு அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“மதினி, இந்த வருஷம் ஒரு வெதையத் தோண்டுனாலும் இதத் தவிட்டுல பெசஞ்சு வரப்புல வச்சிருவேன். பொறவு என்னைய வையக் கூடாது.”

“மயிலக் கொன்னா ஜெயிலு, தெரியும்ல?”

“ஜெயில்ல மூணு வேளை சோறு போடுவாக. இதுக எனக்கு ஒரு வேளைச் சோத்துக்கும் வழி விடலையே!”

அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து வைத்தால் மயிலோடு போகாது. அந்த வரப்பில்தான் அத்தையின் நான்கு ஆடுகளும் மேயும். கேஸானால் மொக்கையன் உள்ளே போவார்; அவர் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் யாரிடம் போய் நிற்பார்கள்?

“அதுக பசிக்குத்தான வருதுக? கருவேலங்காட்டு ஓரத்துல முப்பது சென்ட் அதுகளுக்குன்னே வெதச்சு விடுறேன். உன் கடலைக்கு முந்தி அது மொளைச்சு நிக்கும். அதுக இங்கிட்டே நின்னுக்கிரும்.”

“மயிலுக்கு வெள்ளாமையா? பேருல முருகன வச்சிக்கிட்டா, வாகனத்துக்குத் தீவனமும் நீதான் போடணுமாக்கும்?” என்றவர், டப்பாவை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு சொன்னார். “சரி. என் கடலை மொளைக்கிற அன்னைக்கிப் பாப்பேன். ஒரு மயிலு என் காட்டுல நின்னாலும் டப்பாவத் தொறந்துருவேன்.”

அந்த முப்பது சென்ட் ஐந்தாறு வருஷமாகத் தரிசு. அத்தை முதலில் கொழுஞ்சியையும் முள்செடியையும் வெட்டி ஒதுக்கினார். ஆட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லி எருவுக்காக இரண்டு ராத்திரி அதில் ஆட்டுக்கிடை போட வைத்தார். பிறகு வாடகை மாடு பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் உழுதார். மேலே வந்த கட்டிகளை மண்வெட்டியின் முதுகால் அடித்து உடைத்தார். மூன்று நாள் வெயிலில் அந்த வேலைதான். மண் மாவாகிவிட்டது.

மழைக்குப் பிறகு விதைத்தால் மொக்கையனின் கடலைக்கு முந்த முடியாது. ஆகவே புரட்டாசி முதல் வாரம், வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோது, புழுதியிலேயே விதைத்தார். தட்டைப்பயறும் குதிரைவாலியும். விதைத்ததும் ஒரு முள்கட்டின்மேல் கல்லை ஏற்றிக் கயிறு கட்டி, காடு முழுக்க இழுத்து விதையை மூடினார்.

மறுநாள் காலையில் ஏழு மயில்கள் வந்தன. கால்களால் புழுதியைக் கிளறின. ஒன்று கொத்தியது, கொத்தியதைக் கீழே போட்டுவிட்டுத் தலையை உதறியது. அடுத்ததும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் ஏழும் வரப்பைத் தாண்டி மொக்கையனின் வெறுங்காட்டுக்குள் போய்விட்டன.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மொக்கையன் குனிந்து ஒரு விதையை எடுத்து முகர்ந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏ மதினி, வேப்பெண்ணெயும் சாம்பலும் பெசஞ்சில்ல வெதச்சிருக்க! விருந்துக்குக் கூப்பிட்டுக் கசாயத்த ஊத்துனா எந்த விருந்தாளி உக்காருவான்?”

அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எறும்பும் பறவையும் தொடாமல் இருக்க, எந்த விதையையும் அப்படிப் பிசைந்து விதைத்துத்தான் அவருக்குப் பழக்கம். யாருக்காக விதைக்கிறோம் என்பதைக் கை நினைக்கவில்லை. மறுபடி விதைக்க வீட்டில் ஒரு படி பயறுகூட இல்லை.

அதன்பின் பதினோரு நாள் மழை இல்லை. மயில்கள் தினமும் மொக்கையனின் காட்டில் உலாத்தின. “எப்ப கடலைய போடுவேன்னு பாத்துட்டு நிக்குதுக” என்று அவர் போகிறபோதும் வருகிறபோதும் சொல்வார். அத்தை மருந்துக்குப் பயந்து ஆடுகளை வீட்டிலேயே கட்டிப்போட்டுத் தழை ஒடித்து வந்து போட்டார்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. விடிய விடிய நல்ல மழை. நான்காம் நாள் முப்பது சென்ட்டும் பச்சை. ஒரு விதைகூட வீணாகவில்லை. மொக்கையன் ஈரம் பதமாகும்வரை காத்திருந்து, ஐந்தாம் நாள்தான் கடலை போட்டார். அது மண்ணை முட்டிக்கொண்டு வர இன்னும் எட்டு நாள் ஆனது.

அந்தக் காலையில் இருவரும் காட்டுக்குப் போனார்கள். நான் தண்ணீர்த் தூக்கோடு பின்னால் போனேன். வரப்பை நெருங்கும்போது அத்தை நின்றுவிட்டார்.

“நீ பாத்துச் சொல்லு. எனக்குப் பாக்க முடியல.”

மொக்கையன் வரப்பில் ஏறி நின்றார். தன் காட்டைப் பார்த்தார். மண்ணைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகக் கடலை முளைகள். ஒரு கால்தடம் இல்லை. திரும்பிக் கருவேலங்காட்டோரம் பார்த்தார். தட்டைப்பயற்றுக்குள் நீலக் கழுத்துகள் எழுவதும் தாழ்வதுமாக இருந்தன. இலையை உருவித் தின்றன; இலையடியில் இருந்த புழுவையும் பொறுக்கின.

“ஒம்போது. பத்தாவது ஒண்ணு வந்துக்கிட்டு இருக்கு.”

“உன் காட்டுல?”

“ஒண்ணுமில்ல மதினி.” அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அன்னைக்கி நீ வெறும் வெதையா வெதச்சிருந்தா, அன்னைக்கே தின்னு முடிச்சிட்டு இன்னைக்கி இங்கதான் வந்து நிக்கும். உன் வேப்பெண்ணெதான் காப்பாத்துச்சு.”

“டப்பா எங்க?”

வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைச் சுற்றியிருந்த முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார். பிரியவே இல்லை. அப்புறம்தான் வரப்பில் உட்கார்ந்து என்னிடம் தண்ணீர் வாங்கி, அண்ணாந்து தூக்கில் பாதியைக் குடித்தார்.

டப்பா அன்றைக்கே திருச்சுழி பஸ்ஸில் ஏறி, வாங்கிய கடைக்குப் போனது. மத்தியானம் அத்தை நான்கு ஆடுகளையும் அவிழ்த்துவிட்டார். மூன்று வாரம் கட்டிக்கிடந்தவை வரப்பை நோக்கி ஓடின. அவர் பின்னால் ஓடவில்லை.

அதன்பின் ஒவ்வொரு புரட்டாசியிலும் அத்தை முதலில் விதைப்பது அந்த முப்பது சென்ட்டைத்தான். முந்தின நாள் சாயங்காலம் மொக்கையன் வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார்.

“மதினி, எண்ணெ கொஞ்சம் கூடவே ஊத்து.”

“நீ சாம்பலச் சலிச்சுக் குடு, கொழுந்தனாரே. வாய் பேசுனா வேலை நடக்காது.”