நான் மாற்றிப் படித்த எழுத்து

படம் பேசாத காலத்தில் படத்துக்காகப் பேசியவன் நான். கண்டி நகரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில், வெள்ளைத் துணிக்கு இடது பக்கம் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பேன். கையில் நீளப் பிரம்பு. துணியில் இங்கிலீஷ் எழுத்து வந்ததும் அதைத் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்து வராத இடங்களில் என் இஷ்டத்துக்குக் கதை விடலாம். வார நாட்களில் ஒரு புடவைக் கடையில் கடிதம் எழுதும் கிளார்க்கு. சனி, ஞாயிறு மத்தியானங்களில் ராஜா, துரைசானி, திருடன், குதிரைக்காரன் எல்லாம் நானே. என் குரல் கணீரென்று இருக்கும் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அதை மறுத்துப் பேசியதில்லை.

மண்டபத்து முதலாளி திகனப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. கொழும்பிலிருந்து ரயிலில் வரும் படச் சுருள்களைத் தானே ஸ்டேஷனுக்குப் போய் இறக்கி எடுத்து வருவார். சண்டைப் படமும் சிரிப்புப் படமும்தான் அவருக்குப் பிடிக்கும். இருபதுகளின் கடைசியில் ஒரு தடவை பெட்டி மாறியோ என்னவோ, வேறு மாதிரி ஒரு படம் வந்து சேர்ந்தது. ஒரு நகரத்தில் கொள்ளைநோய் பரவி ஊரே அழிந்துபோகிற படம்.

வெள்ளிக்கிழமை நான் மட்டும் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எழுத்துகளை முன்கூட்டியே குறித்துக்கொள்வது என் வழக்கம். அன்று பாதிப் படத்துக்கு மேல் ஒன்றும் குறிக்கவில்லை, பென்சில் கையில் அப்படியே இருந்தது.

நோய் வந்துவிட்டது என்று சொல்ல அந்தப் படம் பிணத்தைக் காட்டவில்லை. ஒரு சந்தையைக் காட்டியது. கோவாவும் மற்றக் காய்கறியும் குவித்திருக்கிறது, தராசு தொங்குகிறது, ஆள் ஒருவரும் இல்லை. தராசு மட்டும் காற்றில் மெதுவாக ஆடுகிறது. பிறகு அடைத்த கதவு ஒன்றின் முன்னால் ஒரு நாய் படுத்திருக்கிறது. பிறகு பேக்கரி வாசலில் பாண் வாங்க நிற்கிறவர்கள், ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்கத் தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். பணமுள்ளவன் காவல்காரன் கையில் எதையோ திணித்துவிட்டு ஊர் வாசலைத் தாண்டிப் போகிறான். இல்லாதவன் சன்னல் இடுக்கால் பார்க்கிறான்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சன்னல் இடுக்கில் தெரிந்த முகங்களை எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய யுத்தம் முடிகிற கையோடு விஷக்காய்ச்சல் வந்தபோது நாங்கள் ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பிராக்களில் ஒன்றில் இருந்தோம். எனக்குப் பதினைந்து வயது. கங்காணி லயத்துக்குள் கால் வைக்காமல் அரிசி மூட்டையைப் பாதை வளைவில் போட்டுவிட்டுப் போனதும், பக்கத்துக் காம்பிராவில் இருமல் நின்றால் அது குணமா சாவா என்று சுவரில் காது வைத்துக் கேட்டதும் எனக்கு மறக்கவில்லை. படம் எடுத்த வெள்ளைக்காரன் எங்கள் லயத்துக்கு வந்திருக்க வழியில்லை. எப்படி அவனுக்கு இதெல்லாம் தெரிந்தது என்று நினைத்து மலைத்துப் போனேன்.

கடைசிச் சுருளில் பிணவண்டிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஊருக்கு வெளியே ஒரு பெரிய குழியின் ஓரத்தில் நின்றன. மேலிருந்து பார்ப்பது போல முதலில் குழி முழுவதும் தெரிந்தது. அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்தால் விறகு போலத்தான் இருக்கிறது. அடுத்தாற்போல் படம் கிட்டத்தில் போய் ஒரே ஒரு கையைக் காட்டியது. சின்னக் கை, மணிக்கட்டில் ஒரு கயிறு. அதன் மேல் சுண்ணாம்பு விழுந்தது. பிறகு எழுத்து வந்தது: இவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த எழுத்தை மாத்திரம் என்னால் படிக்க முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காய்ச்சலில் என் தம்பி செத்தான். ஆறு வயது. எங்கள் அப்பா முன்பே இல்லை. அம்மாவோ காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். தோட்டத்து மாட்டுவண்டி வந்து, அன்று செத்த ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு போய், தேயிலை மலைக்குக் கீழே ஒரே குழியில் போட்டது. மாதா கோயில் சுவாமியார் வரவில்லை. அவரும் காய்ச்சலில் இருந்தார். மூன்று நாள் கழித்து அம்மா கண் விழித்துத் தம்பி எங்கே என்று கேட்டாள். நான் சொன்னேன்: தனிக் குழி, செபம் சொல்லி, மண் போட்டு, சிலுவை நட்டார்கள்.

அம்மா எழுந்து நடமாடியதும் இடத்தைக் காட்டச் சொன்னாள். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்து மூலையில், அடையாளம் ஒன்றும் இல்லாத ஒரு சின்ன மண்மேட்டைக் காட்டினேன். அதற்கு முதல்நாளே இரண்டு குச்சியைக் கட்டி அங்கே ஒரு சிலுவை நட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் கண்டிக்குக் குடிவந்தோம். ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அம்மா பஸ் ஏறி ஹேவாஹெட்டவுக்குப் போய், அந்த மேட்டில் புல் பிடுங்கி, மெழுகுதிரி ஏற்றி, முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவாள். பக்கத்தில் நானும் நின்று பதில் சொல்லுவேன். பத்து வருடம் இப்படியே போனது.

ஆகவே சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் குழி வந்தபோது, எழுத்தை விட்டுவிட்டு நான் வேறு சொன்னேன். தனித்தனிக் குழி, செபம் சொல்லி, மண் போட்டு, சிலுவை நட்டார்கள் என்றேன். துணியில் ஊரே ஒரு குழியில் கிடக்கிறது. நான் இப்படிச் சொல்லுகிறேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் இருந்தது. பிணவண்டி வந்ததும் தரை டிக்கெட்டுக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தோட்டத்தில் பாடை போனால் வேலை செய்கிறவனும் நிமிர்ந்து நிற்பான், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வான். அதையே இங்கும் செய்தார்கள். அவர்களைப் பார்த்து வாங்குப் பலகையில் இருந்த முஸ்லிம்கள் எழுந்தார்கள். சிங்கள ஆட்கள் எழுந்தார்கள். கடைசியில் கதிரையில் இருந்த பெரிய மனிதர்களும் வேறு வழியில்லாமல் எழுந்தார்கள். முதல் வண்டி போனதும் உட்கார்ந்தார்கள், இரண்டாவது வந்ததும் எழுந்தார்கள். நாலாவது வண்டிக்குப் பிறகு ஒருவரும் உட்காரவில்லை. படத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் எழும்பி நிண்டா பின்னுக்கு இரிக்கிற ஆக்களுக்கு என்னத்த வெளங்கும் தம்பி? இவங்க ஒருத்தரும் மவுத்தாகல்ல, கூலிக்கி நடிக்கிற ஆக்கள் எண்டு நாளைக்கிச் சொல்லிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் அதை விளக்கமாகச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வண்டி வந்ததும் எழுந்து நின்றார்கள். வெளியே வரும்போது வத்தேகமவிலிருந்து வந்த ஒரு தோட்டத்துக்காரரிடம், நான் சொன்னது விளங்கவில்லையா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"வெளங்குச்சுங்க. இருந்தாலும் பொணம் போகுதுங்களே. ஒக்காந்துகிட்டா பாக்குறது?" என்றார்.



இந்தச் செய்தி ஊரெல்லாம் பரவியது. எந்தப் படத்துக்கும் வராத என் அம்மாவின் காதுக்கும் போனது. இருட்டுக்குள் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று சொல்லுகிறவள், அடுத்த சனிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னாள். கூட்டம் என்றேன், மூட்டைப்பூச்சி என்றேன், சுவாமியார் கோபிப்பார் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"செத்தவுகளுக்கு எந்திரிச்சு நிக்கிற எடத்துக்குப் போறதுக்குச் சாமியாரு என்னத்துக்குக் கோவிக்கிறாரு?" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வாங்கில் இருந்தாள். அன்று நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. வண்டிகள் வந்தன, எல்லோரும் எழுந்தார்கள், அம்மாவும் எழுந்தாள். குழி தெரிந்தது. அந்தச் சின்னக் கை தெரிந்தது. எழுத்து வந்தது. வாய் தானாகச் சொன்னது: தனித்தனிக் குழி, செபம் சொல்லி, மண் போட்டு, சிலுவை நட்டார்கள். துணி வெளிச்சத்தில் பார்த்தேன். அம்மா படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. வாவிக்கரை மதிலோரமாக நடந்தோம். பாதி வழியில் அம்மா நின்றாள்.

"அந்த எழுத்துல என்னா போட்டிருந்துச்சு?"

இனி மறைக்கத் தெம்பில்லை. சொன்னேன். இவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

"தம்பிய பொதச்சதையும் நீ மண்டபத்துல சொன்ன அதே கொரல்லதான் சொன்ன," என்றாள் அம்மா. "குழியில எத்தன பேரு?"

"ஒம்பது."

"நம்ம புள்ள எங்கன? ஓரத்துலயா?"

பத்து வருடமாக ஒருவரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன். வண்டிக்காரர்கள் தம்பியைத் தூக்கிப் போடப் போனார்கள், நான் விடவில்லை. நானே குழிக்குள் இறங்கினேன். கடைசிக் காம்பிராவில் பிள்ளையில்லாத ஒரு அக்கா இருந்தாள், தம்பிக்குத் தினமும் ரொட்டியில் பாதி கொடுக்கிறவள், அவளும் அன்று பிணமாக அந்த வண்டியில்தான் வந்தாள். அவளுடைய கையை விரித்து, அதில் தம்பியின் தலையை வைத்து, என் தலைத்துண்டால் இரண்டு பேர் முகத்தையும் மூடிவிட்டுத்தான் மேலே ஏறினேன்.

அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். கோபமாக அழுகிறாளா என்ன என்று தெரியாமல் நான் பக்கத்தில் நின்றேன்.

"அவ கையிலயா வச்ச?" என்று கேட்டாள். பிறகு, "இத ஏன்டா எங்கிட்ட பத்து வருசமா சொல்லல? அவன் தனியா கெடக்கானேன்னுதானே நான் வருசா வருசம் அழுதேன்."

நல்லது செய்வதாக நினைத்து அவளைப் பத்து வருடம் அழவைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். பூசைக்குப் போய் வந்து, சாப்பிட்டு, அம்மா என்னோடேயே வந்தாள். அதே வாங்கில் உட்கார்ந்தாள். குழி வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, எழுத்தை இருந்தபடியே படித்தேன்.

"இவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை."

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா என் தம்பியின் பெயரைச் சொன்னாள். கத்தவில்லை, சாப்பிடக் கூப்பிடும்போது சொல்லுவாளே, அந்தக் குரல்தான். கடைசிக் காம்பிரா அக்காவின் பெயரையும் சொன்னாள்.

பிறகு தரையிலிருந்து ஒரு ஆண் குரல் ஒரு பெயரைச் சொன்னது. வாங்கிலிருந்து ஒன்று. ஒரு சிங்களப் பெயர். ஒரே மூச்சில் மூன்று பெயர்கள் சொன்ன ஒரு கிழவி. காய்ச்சலில் போனவர்கள், கப்பலில் போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், யார் யாரோ. துணியில் படம் முடிந்து வெறும் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அப்போதும் பெயர்கள் நிற்கவில்லை. மெஷின்காரனும் வெளிச்சத்தை அணைக்கவில்லை. என் குரலைப் பற்றி எனக்கு இருந்த பெருமையெல்லாம் அன்றோடு போயிற்று. நான் வாயைத் திறக்காமல் பெட்டியின் மேல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, பின்னால் கதவோரத்தில் நின்றிருந்த முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொன்னார். அவருக்கு அப்படி ஒரு மகள் இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது.