சோற்றுக்குள் ஒரு வரம்பு

எங்கள் விடுதிப் பாடசாலையின் பழைய மாணவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. யாராவது அதில் ஒரு பழைய படத்தைப் போட்டால், அது எந்த வருசம் என்ற கேள்வி என்னிடம்தான் வந்து சேரும். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். சாப்பாட்டு மண்டபத்துக்கு மாபிள் பதித்துவிட்டார்களா, பின்பக்கத்து மதில் எழும்பிவிட்டதா, கிணற்றடி வேம்பு கூரையைத் தொட்டுவிட்டதா என்று பார்த்தால் ஆண்டைச் சொல்லிவிடலாம். எங்கள் கரையில் பலருக்குக் காலம் என்பது சுனாமியாகக் கடல் வந்ததற்கு முந்தி, கடல் வந்ததற்குப் பிந்தி என்று இரண்டே துண்டுதான். எனக்கு அது போதாது. எந்தப் போகம், பாடசாலையின் எந்தத் தவணை, நோன்புக்கு முன்னா பின்னா என்று தெரிந்தால்தான் ஒரு சம்பவம் மனதில் சரியாக உட்காரும்.

போன மாதம் ஒருவர் போட்ட படத்தில் ஒரு சஹனை, சோற்றுத் தட்டத்தை, சுற்றி ஆறு பேர் இருக்கிறோம். ஐந்து முகங்கள் கமராவைப் பார்க்கின்றன. ஆறாவது முகம் குனிந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. அது நான். ஆண்டை எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் படத்தில் நான் இல்லாமல் போயிருக்கக்கூடும் என்பதைக் குழுவில் எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பொத்துவில் பிள்ளை. கடலுக்குப் பிந்திய காலம். எங்கள் ஊர்ப் பாடசாலையில் கணிதத்துக்கு ஒரு ஆசிரியர் வருவார், ஒரு தவணை இருப்பார், மாற்றம் எடுத்துப் போய்விடுவார். வாப்பா கட்டாரில் இருந்தார். உம்மா தனியாக விசாரித்து, கல்முனைக்குச் சற்று வெளியே, நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல்களைப் பார்த்தபடி இருந்த ஒரு தனியார் விடுதிப் பாடசாலையைக் கண்டுபிடித்தார். மிகச் சிறிய பாடசாலை. காலையில் ஓதல், பிறகு அரசாங்கப் பாடத்திட்டம், பின்னேரம் கிரிக்கெட். இடம் கிடைப்பது கஷ்டம். முதலாம் தவணை தொடங்கிய பிறகு ஒரு பிள்ளை விலகிப் போனதால் எனக்கு இடம் வந்தது. அதிபர் உம்மாவிடம் வெளிப்படையாகச் சொன்னார்: நான் விலகினால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும், திரும்பக் கேட்டு வரக்கூடாது.

நான் சேர்ந்தபோது பாடசாலைக்குப் பின்னால் மகா போக வேளாண்மை, நெற்கதிர் இன்னும் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. இரவு முழுக்கத் தவளைச் சத்தம். சுபஹுத் தொழுகைக்கு எழும்பினால் ஜன்னல் கம்பிகள் பனியில் ஈரமாக இருக்கும். அங்கே ஒருவருக்கும் தனியாக ஒன்றும் இல்லை. சவர்க்காரம் பொது, குடை பொது, காய்ச்சல் வந்தால் அதுவும் பொது. வீட்டிலிருந்து ஒருவனுக்குத் தொதல் பலகாரம் வந்தால் மஃரிபுத் தொழுகைக்கு முன் அது முடிந்துவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. நான் ஒரே பிள்ளை; அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் நான் முன்பு தூங்கியதே இல்லை. கணித ஆசிரியரோ கரும்பலகையில் ஒரு கணக்கை மூன்று விதமாகச் செய்து காட்டுவார். எனக்குப் போக மனம் இல்லாத இடம் அது.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது.

எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளில் சாப்பிடுவது போலத்தான் அங்கே தினமும் சாப்பாடு. பெரிய தட்டமான சஹனில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து உண்பது. விருந்தில் யார் பக்கத்தில் யார் என்பது தற்செயல். விடுதியில் அப்படியில்லை. ஒரு சஹனில் ஒருவனை இருத்தினால் பாடசாலையை விட்டுப் போகும்வரை அதுதான் அவனுடைய சஹன். மூத்தவர் கறிக் குழம்பான ஆணத்தை ஊற்றுவார், மீனை ஆறாகப் பிய்த்து வைப்பார். ஒவ்வொருவரும் தன் முன்பக்கத்திலிருந்துதான் அள்ள வேண்டும். முதலில் முடித்தவன் விரலைச் சூப்பிவிட்டு, கடைசி ஆள் முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் சஹனில் மூத்தவர் மருதமுனைக்காரர், பதினோராம் வகுப்பு. அவரை நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்போம். எனக்கு வலப்பக்கம் மாவடிப்பள்ளியிலிருந்து வந்த, வயல் செய்யும் வீட்டுப் பையன், என் வகுப்பு. மற்ற மூவரும் நிந்தவூர்க்காரர்கள். வாயைத் திறந்தால் கிரிக்கெட் மட்டும் கதைப்பவர்கள்.

நான் மெதுவாகச் சாப்பிடுகிறவன். வீட்டில் என் சோற்றுக் கோப்பை என் முன்னால் இருக்கும், யாரும் தொடமாட்டார்கள், நான் கதை கேட்டுக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக எடுத்து வைத்துச் சாப்பிடுவேன். சஹனில் அது நடக்காது. குவித்த சோற்றில் பக்கத்து ஆள் வேகமாகப் பள்ளம் பறித்தால், என் பக்கத்துச் சோறு தானாகவே சரிந்து அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் என் முன்னால் தட்டத்தின் அடி தெரியும். மாவடிப்பள்ளிக்காரன் வயலில் அறுவடை மெசின் போவதுபோலச் சாப்பிடுவான். நான் அரை வயிற்றோடு எழும்புவேன். இடுப்பில் நிற்காத காற்சட்டைக்கு ஊசி குத்த வேண்டி வந்தது.

சில நாட்களில் ஒரு மாற்றம் வந்தது. நான் நாலு கவளம் தின்பதற்குள் காக்கா கையை எடுத்துவிடுவார். அடுத்து மாவடிப்பள்ளிக்காரன். பிறகு மற்ற மூவரும். சோறு மீதி இருக்கும். ஐந்து பேரும் விரலைச் சூப்பிக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருப்பார்கள்.

சஹனில் உண்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். சோறு இருக்கும்போது ஒருவர் கையை எடுத்தால் அவருக்கு ஏதோ பிடிக்கவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து எடுத்தால் பிடிக்காதது சோறு அல்ல, ஆறாவது கை. என் வலக்கை விரல் இடுக்கில் அப்போது சிறிய சிரங்குத் தழும்பு இருந்தது. ஆறிப்போன தழும்புதான். ஆனாலும் நான் அதைப் பார்த்தேன், அவர்களும் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவர்கள் கையை எடுத்தவுடன் நானும் எடுத்துவிடுவேன். சோறு அப்படியே குசினிக்குத் திரும்பிப் போகும்.

குசினிக் காக்கா என்று நாங்கள் கூப்பிட்ட சமையல்காரருக்கு மீதிச் சோற்றைக் கண்டால் பொறுக்காது. ஒரு பகல் எங்கள் சஹனுக்கு மேலே வந்து நின்றார்.

"என்ன மக்காள், இந்தச் சஹன்ல மட்டும் ஒவ்வொரு நாளும் மிஞ்சுது. என்ட ஆணம் புளிக்குதா?"

"இல்ல காக்கா, நல்லாரிக்கி," என்றார் எங்கள் மூத்தவர்.

"நல்லாரிந்தா ஏன் மிஞ்சுது? வகுறு சின்னனெண்டா சொல்லுங்க. அல்லாட பரக்கத்தக் கோழிக்குப் போட ஏலா."

அடுத்த நாள் எங்கள் சஹனில் ஓர் அகப்பைச் சோறு குறைவு. அவர்கள் இன்னும் முன்னதாகக் கையை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அந்த மீதியைக் கண்டு அவர் இன்னோர் அகப்பையைக் குறைத்தார். ஆறு பேரும் பசியோடு எழும்பினோம். அதற்கும் நான்தான் காரணம் என்று என்னை வெறுப்பார்கள் என நினைத்தேன். அந்தக் கிழமை விடுதிப் பொறுப்பாளரான மௌலவியின் போனில் உம்மாவைக் கூப்பிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுதேன். ஏன் என்று சொல்லவில்லை. உம்மாவும் போனில் கேட்கவில்லை.

அவர் வந்தது பெற்றோர் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை. பின்னால் வயலில் அறுவடை தொடங்கிவிட்டது. மெசினின் சத்தத்தில் ஜும்ஆவின் குத்பாப் பிரசங்கம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அதிபர் உம்மாவிடம், சாப்பாட்டுக்குப் பிறகு விலகல் கடிதத்தில் ஒப்பம் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். உம்மா வராந்தாவில், என் உடுப்புகளுக்காகக் கொண்டு வந்த வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் படுக்கையறையில் சாரங்களை மடித்துக்கொண்டிருந்தேன். காக்கா வந்தார். பின்னால் மாவடிப்பள்ளிக்காரன்.

"எங்கடா போறாய்?"

"வீட்ட."

"லீவு இல்லையே."

"ஒரேயடியாப் போறன்."

"ஏன், பேய் ஏதும் புடிச்சிட்டா ஒனக்கு?" என்றான் மாவடிப்பள்ளிக்காரன்.

நான் சொல்வதாக இருக்கவில்லை. ஆனால் அவன் சிரித்துக்கொண்டு கேட்டது பொறுக்கவில்லை. "என்னோட ஒரு சஹன்ல தின்ன ஒங்களுக்கு அருவருப்பு. பொறகு நான் ஏன் இரிக்க?"

"ஆரு சொன்ன?"

"ஆரும் சொல்லத் தேவல்ல. நான் தின்னத் தொடங்க நீங்க எல்லாரும் கைய எடுக்கீங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாவடிப்பள்ளிக்காரன் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். காக்கா சிரிக்கவில்லை.

"மடையா, நீ தின்னட்டுமெண்டுதான்டா நாங்க கைய எடுத்த."

"நான் பசியில தண்ணியக் குடிச்சிக் குடிச்சிக் கிடக்கன்," என்றான் தரையிலிருந்தவன். "எங்களுக்கு அருவருப்பாம். கோழிக்குஞ்சி மாதிரி ஒண்டொண்டாப் பொறுக்கித் தின்னுறாய். நாங்க எடுக்காட்டி ஒனக்கு என்னடா மிஞ்சும்?"

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்ற?" என்றார் காக்கா. "ஒரு ஆள் தின்னுறதப் பத்தி வாயத் தொறக்கலாமா? எங்கட உம்மாக்குத் தெரிஞ்சா வாயிலயே அடிப்பா."

அது உண்மை. எங்கள் வீடுகளில் ஒருவர் எவ்வளவு சாப்பிடுகிறார், எப்படிச் சாப்பிடுகிறார் என்று கதைப்பது பெரிய குறை. கண்ணூறு என்பார்கள், மானக்கேடு என்பார்கள். அதனால் அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, குசினிக் காக்காவுக்கும் யாரும் விளக்கவில்லை. அத்தனை பேரும் மரியாதையாக நடந்துகொண்டோம். அதில்தான் ஆறு பேரும் பட்டினி கிடந்தோம்.

"நீங்க எனக்காகக் கைய எடுக்கிறெண்டா நான் இரிக்கல்ல," என்றேன்.

"எடுக்கல்ல. அப்ப கெதியாத் தின்னு," என்றான் மாவடிப்பள்ளிக்காரன்.

"எனக்குக் கெதியா ஏலா."

"இவனோட பெரிய கரச்சலாக் கிடக்கு," என்றார் காக்கா. "வா, மொதல்ல சோத்துக்குப் போவம்."

வெள்ளிக்கிழமை என்பதால் மாட்டிறைச்சி. சஹன் வந்தது. காக்கா ஆணத்தை ஊற்றப் போனபோது மாவடிப்பள்ளிக்காரன் அவர் கையைப் பிடித்தான்.

"கொஞ்சம் பொறுங்க."

அவன் தன் விரல்களை ஒன்றாகச் சேர்த்து, என் பக்கத்துச் சோற்றைச் சுற்றி அழுத்தினான். அழுத்திய சோறு ஒரு சிறு மேடாக எழும்பியது. இரண்டு பக்கமும் இழுத்து, தட்டத்தின் விளிம்போடு கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒரு மூலையை விரலால் தட்டிச் சரிசெய்தான். அவனுடைய வாப்பா வயலில் மண்வெட்டியால் செய்யும் வேலையை அவன் விரலால் செய்தான்.

"இது வரம்பு. இதுக்கு அங்கால ஒன்ட வயல். இத ஆரும் வெட்டப்படா. நீ அடுத்த போகம் வரைக்கும் இரிந்து தின்னு."

"தண்ணி எப்பிடிப் பாயும்?" என்று நிந்தவூர்க்காரன் ஒருவன் கேட்டான். கிரிக்கெட் அல்லாத விசயத்தில் அவன் வாய் திறந்ததை அன்றுதான் கேட்டேன்.

மாவடிப்பள்ளிக்காரன் மேட்டில் ஓர் இடத்தை ஆட்காட்டி விரலால் வெட்டிவிட்டான். காக்கா ஆணத்தை நடுவில் ஊற்ற, அது அந்த மடைவாயால் என் பக்கம் வந்தது. அவன் உடனே மடைவாயை அடைத்தான். "காணும். கூடினா பயிர் அழுகிடும்."

அவர்கள் தங்கள் வேகத்தில் சாப்பிட்டார்கள். அறுவடை மெசின் அறுவடை மெசினாகவே போனது. வரம்புக்கு அந்தப் பக்கம் பள்ளமானது, தட்டம் தெரிந்தது. என் பக்கம் சரியவில்லை. அவர்கள் ஐந்து பேரும் முடித்து விரலைச் சூப்பினார்கள். இந்த முறை அவர்கள் முன்னால் சோறு இல்லை. நான் பாதியில் இருந்தேன். அவர்கள் எழும்பவில்லை, முந்திய நாள் ஆட்டத்தில் யார் எப்படி அவுட் என்று சண்டை பிடித்துக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வரம்பையும் தின்றேன்.

குசினிக் காக்கா வந்து தட்டத்தைக் குனிந்து பார்த்தார். "இண்டைக்கி என்ன, நக்கி வச்சிரிக்கீங்க?"

"நாளையிலிருந்து பழைய அளவு போடுங்க காக்கா," என்றார் எங்கள் மூத்தவர். "மிஞ்சினா எங்களுக்கு ஏசுங்க."

உம்மா இன்னும் வராந்தாவில்தான் இருந்தார். அதிபரின் அறைக் கதவு திறந்திருந்தது.

"மகன், பெரிய சேர் ரெண்டு தரம் கேட்டுட்டார். நான் ஒப்பம் வைக்கிறதா, என்ன?"

"வைக்காதீங்க உம்மா. நான் இரிக்கன்."

"போன்ல அழுதாயே."

"அது போன கிழமை."

உம்மா என் முகத்தைப் பார்த்தார், ஊசி குத்திய காற்சட்டையைப் பார்த்தார். பிறகு பையை உதறினார்.

"பொத்துவில்ல இரிந்து, கோமாரி தாண்டி, திருக்கோவில் தாண்டி இந்தப் பையத் தூக்கிட்டு வந்திரிக்கன். வெறும் பையோடயா திரும்பிப் போற? ஊத்த உடுப்பயாவது கொண்டா, கழுவி அனுப்புறன்."

நான் ஓடிப்போய் உடுப்புகளைக் கொண்டு வந்தேன். பின்னால் மாவடிப்பள்ளிக்காரன் தன் ஊத்தைச் சாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமி, இதையும் போடட்டா?"

உம்மா அவனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆருடா இது?"

"என்ட சஹன்," என்றேன்.

உம்மா பையின் வாயை அகலமாகத் திறந்து பிடித்தார்.