கத்தினேன் என்று கொடுத்த கடிதம்

கிருஷ்ணகிரி தாலுக்கா ஆபீஸ் எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் காதில் கட்டியிருப்பார். எதை எழுதச் சொன்னாலும், முதலில் நடந்ததை அதே குரலில் பேசிக்காட்டச் சொல்வார்.

அறுபதுகளின் கடைசியில், எண்ணெய் மில்லில் எனக்கு விளக்கம் கேட்டு இங்கிலீஷில் ஒரு மெமோ கொடுத்தார்கள். நான் ஆறாவதோடு நின்றவன். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு அவரிடம் நீட்டினேன்.

“சூப்பர்வைசரைப் பாத்து ‘ஷவுட்டட்’னு போட்டிருக்கான். கத்துனியாமே? எங்க, கத்திக் காட்டு.”

“மெஷின்ல கை நசுங்கினவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பலீங்களா சார்னேன்.”

“இதுக்குப் பேரு கத்தறதா? கேட்டான்னு சொல்ல ‘ஆஸ்க்டு’ன்னு ஒரு வார்த்தை இருக்கறது அந்தப் படிச்ச நாய்க்குத் தெரியாதா?” பதில் கடிதத்தில் ‘ஆஸ்க்டு’ என்றே அடித்தார்.

“வேணாங்க. கத்துனேன், மன்னிச்சுக்கங்கன்னே அடிச்சுடுங்க. புள்ளகுட்டிக்காரன்.”

தாளை உருவிக் கிழித்தார். வேறு தாள் செருகி, நான் சொன்னபடியே அடித்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன், வேலை நிலைத்தது.

மில்காரன் மேல் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அதைவிட இது எரிகிறது: அப்புறம் எப்போது பார்த்தாலும் அவர், “சாப்டியாப்பா?” என்றுதான் கேட்பார். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.