படகுக்குள் ஊற்றிய தண்ணீர்

ஊர் ஊராகப் போய், கிடைத்த வேலையைச் செய்து வயிறு வளர்ப்பவன் நான். ராணிப்பேட்டையில் இருந்தபோது நர்ஸ் மேரி அக்கா வீட்டில் பார்த்த வேலையை மட்டும் மறக்க முடியவில்லை.

பாலாற்றங்கரையில் தாழ்வான வீடு. நான் போவதற்கு முன் வந்த வெள்ளத்தில், நடக்க முடியாத கணவரை மேசைமேல் படுக்கவைத்து, நீர் வடியும்வரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாராம் அக்கா. அதனால்தான் காயலான் கடையில் ஒரு பழைய அலுமினிய மோட்டார் படகை வாங்கி வாசலில் போட்டிருந்தார்.

“ஆத்துல மணல்தான் கீது. கப்பல் வுடப் போறியா சிஸ்டர்?” என்று தெருவே கிண்டலடித்தது.

“உனக்கும் எடம் வெச்சிருக்கேன், போ” என்பார் அக்கா.

படகின் தகடுகளை இணைக்கும் ரிவெட்டு ஆணிகளில் பழுதானவற்றை அக்காவும் நானும் எடுத்துவிட்டுப் புதியவை போட்டோம். உள்ளே நான் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க, வெளியே அவர் சுத்தியால் அடிப்பார். எல்லாம் முடிந்ததும் படகைக் கட்டைகள்மேல் ஏற்றி, உள்ளே தண்ணீர் நிரப்பி, எங்காவது ஒழுகுகிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தோம். ஒரே ஒரு ரிவெட்டில் துளி கசிந்தது.

“மேல பெயிண்ட் அடிச்சிடலாம்க்கா. யாரு பாக்கப் போறா?”

“தண்ணி பாத்துடும்பா.”

அவ்வளவு தண்ணீரையும் இறைத்துவிட்டு, அந்த ரிவெட்டை மாற்றினார்.

மறுபடி நிரப்பியபோது, அதுவரை படகைத் திரும்பியும் பார்க்காத அவர் கணவர், சக்கர நாற்காலியைப் பக்கத்தில் தள்ளச் சொன்னார். குனிந்து அடிப்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

“காஞ்சுதான் கீது மேரி. இதுல ஏறுறேன்.”

இப்போதெல்லாம் எந்த ஊரில் என்ன வேலை முடித்தாலும், ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.