நூற்று நாற்பதில் ஒன்று அவிக்காதது

அந்த ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியம்மாளும் மகள் அருள்மொழியும் அடுப்படியில் உட்கார்ந்து குழம்புக்கு முட்டை உரித்தார்கள். ஆறு முட்டை. தாய் நாலு உரித்து முடித்தபோது மகள் இரண்டாவதில் ஓட்டோடு வெள்ளையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சிப்காட்டுலயும் இப்படித்தான் வேல பாக்குறியா?" என்றாள் தாய். அருள்மொழி அங்கே ஒரு ரசாயன ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் இருந்தாள்.

ஒரு முட்டையை அரிந்தபோது மஞ்சள் கருவைச் சுற்றிப் பாசி நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. அது ஏன் வருகிறதென்று சொல்ல மகள் வாயெடுத்தாள்.

"நீ சொல்லாத. அத வித்யா கேக்கப் போறா. சிதம்பரத்துல."

கொளஞ்சியம்மாள் கடலூர் முதுநகரில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் சத்துணவுச் சமையலர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். படித்தது சேத்தியாத்தோப்பில் அஞ்சாவது வரை. திங்கள்தோறும் வீட்டிலிருந்து ஒரு முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். பிள்ளைகளுக்கு அவித்த நூற்று நாற்பது முட்டையில் ஒன்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, அவிக்காத இதை நடுவில் கலந்துவிடுவாள். உடைத்துப் பார்க்காமல் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். யார் கையில் வழிகிறதோ அவருக்குச் சிரிப்பும், எடுத்துவைத்த அவித்த முட்டையும் கிடைக்கும்.

பிள்ளைகள் மோந்து பார்த்தார்கள், காதில் வைத்து ஆட்டினார்கள். கடைசியில் ஒருத்தி தட்டில் சுற்றிவிட்டாள். அவித்தது பம்பரமாகச் சுற்றியது. அவிக்காதது தள்ளாடி நின்றது. அந்த ஒருத்தி, அப்போது எட்டாவது படித்த அருள்மொழி. பெருமை தாங்காமல் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள். தாய் ஒன்றும் திட்டவில்லை. அடுத்த திங்கள் நூற்று நாற்பதையும் அவித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மணி அடிக்கும்வரை வராந்தா முழுக்க முட்டை சுற்றியது. நல்ல முட்டைகள் பலவற்றின் மேல் சந்தேகம் விழுந்தது.

புதிதாக வந்த தலைமையாசிரியர் தங்கராசு, இது என்ன கூத்து என்று விசாரிக்க வந்தார். ருசி பார்க்கச் சொல்லி அவருக்கும் ஒரு முட்டை கொடுத்தாள். மேசை விளிம்பில் தட்டினார். வெள்ளைச் சட்டை போயிற்று.

"சார், சுத்தாம உடச்சிட்டீங்களே."

மெமோ வருமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரும் சுற்றாமல் உடைப்பதில்லை.

எந்தப் புதிருக்கும் விடையை மட்டும் அவள் யாருக்கும் சொன்னதில்லை. வித்யாவிடம்தான் மாட்டிக்கொண்டாள். மீனவர் பச்சமுத்துவின் மகள், ஏழாவது படிக்கிறாள். சில முட்டையில் மட்டும் ஏன் அந்த வளையம் என்று கேட்டாள். கொளஞ்சியம்மாளுக்குத் தெரியவில்லை. இருவரும் அவிக்கும் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வித்யா நோட்டில் குறித்தாள். அதிக நேரம் வெந்ததில்தான் வளையம். எப்போது என்பது கிடைத்துவிட்டது. ஏன் என்பது கிடைக்கவில்லை.

வித்யாவை எட்டோடு நிறுத்துவதென்று வீட்டில் பேச்சு. கொளஞ்சியம்மாள் போய்ப் பச்சமுத்துவிடம் மன்றாடியதில் ஒரு தடவை சிதம்பரம் கூட்டிப்போக விட்டார். திரும்பி வந்து வித்யா என்ன பேசுகிறாளென்று பார்த்துவிட்டு மேலே யோசிப்பதாகச் சொன்னார். இரண்டாம் சனிக்கிழமை போய், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கேட்பதாக ஏற்பாடு.

"நான் ஒரே வரியில சொல்லிடுவேன்மா. பஸ் ஏறணுமா இதுக்கு?" என்றாள் அருள்மொழி, அந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில்.

"நீ சொன்னா அது உன் பதில். அந்தப் புள்ள அவ்ளோ பெரிய எடத்துல நின்னு, அவ வாயால கேட்டு வாங்கணும். அப்பத்தான் திரும்பவும் போவணும்னு தோணும்."

அருள்மொழி மிச்ச முட்டையை உரித்தாள்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்த கொளஞ்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்தேழு. முந்தானையில் முட்டை இல்லை. அன்று திங்கள் இல்லை.

இரண்டாம் சனி துக்க வீட்டில் கழிந்தது.

பதினாறாம் நாள் பச்சமுத்துவுடன் வித்யா வந்தாள். கையில் நோட்டு. சத்துணவு ஆயாவின் படத்தைப் பார்த்துவிட்டு அருள்மொழி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா, அந்த வளையம்?"

இரும்பு, கந்தகம், சூடு. மூன்று சொல். அருள்மொழியின் தொண்டை வரை வந்தது.

"தெரியாது."

"லேப்ல வேலன்னு ஆயா சொன்னாங்க."

"லேப்லதான். ஆனா முட்டகூட ஒழுங்கா உரிக்கத் தெரியாது. ஆயாவக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க."

வித்யா நம்பவில்லை. ஆனால் சிரித்தாள். அருள்மொழி பச்சமுத்துவைப் பார்த்து, ஒரு தடவை விடுவதாகச் சொன்னீர்களாமே என்றாள்.

"சொன்னேன்," என்றார் அவர். "போவாத தடவ கணக்குல வராதும்மா."

அவர்கள் போனபின் காலண்டரை எடுத்தாள். கடந்துபோன இரண்டாம் சனியைச் சுற்றி அம்மா பென்சிலால் கட்டம் போட்டிருந்தாள். உள்ளே கோணல் எழுத்து: 'சிதம்பரம். வித்யா. கேக்கணும்.' முடிந்த வேலையை அம்மா குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுவாள். இதில் கோடு இல்லை. அடுத்த இரண்டாம் சனிக்கு மூன்று வாரம் இருந்தது.