வெள்ளக்கடைப் பூங்கொடியின் மெஷின்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணாமலை போன் செய்தார். மலைமேல் ஒண்டிக்கடையிலிருந்து மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவர், பூங்கொடியின் கணவர்.

"ஏனுங்க, பூங்கொடி போயிட்டாளுங்க. மெஷின்கிட்ட ஸ்டூல்ல உக்காந்த வாக்குலயே. டாக்டரு வந்து பாத்துட்டாரு. மாரடைப்புன்னு சொல்றாரு."

அவரே மறுபடியும் பேசினார்.

"மெஷின் மேல மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்குதுங்க. அத எப்படிங்க அணைக்கறது?"

அவளுடைய பட்டறையில் நானே நிறுவிய மெஷின் அது, என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருந்த வேலையை மெஷின் முடித்துவிட்டது. வெளியே அடுத்த பொருளை மாட்டி முடித்த பூங்கொடி, 'தயார்' என்று சொல்லும் பொத்தானை அழுத்தவில்லை. அதற்காக அது காத்துக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தானை முதலில், எதைப் பிறகு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அண்ணாமலை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அழுத்தினார். கடைசியில் "நின்னுருச்சுங்க" என்றார். அதன் பிறகுதான் எங்கள் இருவராலும் அழ முடிந்தது.

ஓசூரில் எங்களோடு வேலை செய்தவர்களுக்குப் பூங்கொடியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சக்குட்டையில் காப்பியும் ராகியும் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். சேலத்தில் ஐ.டி.ஐ. படித்து, எங்கள் தொழிற்சாலையில் உலோகத்தை வெட்டிச் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஓட்ட வந்தாள். மார்கழியில் நாங்களெல்லாம் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக் கிடக்க, அவள் மட்டும் வெறும் வேலைச் சட்டையோடு திரிவாள். "இதெல்லாம் ஒரு குளிருங்களா?" என்பாள். கேன்டீன் சாம்பாரைப் பற்றி அவள் சொன்ன கருத்துகளை இங்கே எழுத முடியாது. நான் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். அவளைவிட இரண்டு வயது மூத்தவன் என்பதால் என்னை அண்ணா என்று அழைப்பாள்.

அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். அது எப்படிப் போனது என்பது எல்லோருக்கும் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எங்களிடம் இருந்தவை பழைய மெஷின்கள். ஒவ்வொரு பொருளையும் மாட்டவும் கழற்றவும் கதவைத் திறந்து கையை உள்ளே விட வேண்டும். கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது. அதற்கென்று கதவில் ஒரு ஸ்விட்ச் உண்டு. கதவைத் திறந்து மூடும் நேரம்கூட வீண் என்று சூப்பர்வைசர் நினைத்தார். "அந்த ஸ்விட்சை ஒயர் போட்டு இணைத்துவிடு" என்று என்னிடம் சொன்னார். நான் இணைத்துவிட்டேன். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்பும். பத்தாவது நாள் பூங்கொடியின் கை உள்ளே இருக்கும்போது கட்டர் சுற்றியது.

விசாரணையில் அவளுடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள். அதற்கு முன்பே நான் அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்திருந்தேன். கேட்டபோது எனக்கு எதுவும் தெரியாது என்றேன். பூங்கொடி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மலைக்குப் போய்விட்டாள். பல வருடங்கள் பேச்சே இல்லை.

பிறகு ஒருநாள் அழைத்தாள். நான் ஓசூரை விட்டு, சேலத்தில் மெஷின் நிறுவும் வேலையைச் சொந்தமாகச் செய்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்கண்ணா, ரெண்டு பேலட் மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேனுங்க. சின்னதா இருக்கோணும். நம்ம ஷெட்டுக்குள்ள அடங்கோணும், கொண்டை ஊசி வளைவுல திரும்போணும். நீங்கதான் வந்து நிறுத்திக் குடுக்கோணும்."

பேலட் என்பது பொருளை மாட்டும் இரும்புப் பலகை. அவள் கேட்ட மெஷினில் அது இரண்டு இருக்கும். ஒன்று உள்ளே வேலையில் இருக்கும்போது, வெளியே நிற்கும் மற்றொன்றில் அடுத்த பொருளை நிதானமாக மாட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் இரண்டும் தாமாகவே இடம் மாறிக்கொள்ளும். வேகத்துக்காகத்தான் எல்லோரும் இதை வாங்குவார்கள். "வேகம் கெடக்குதுங்க. இதுல கை உள்ள போகவே வேண்டியதில்லைங்கல்ல?" என்று கேட்ட ஒரே வாடிக்கையாளர் பூங்கொடி.

மெஷின் மலையேறிய நாளில் மூடுபனி. லாரிக்கு முன்னால் அண்ணாமலை ஜீப்பை ஓட்டிப்போய் எதிரே வரும் வண்டிகளை நிறுத்தினார். ஒரு வளைவில் லாரி முன்னும் போகாமல் பின்னும் வராமல் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி, திரும்பிப் போய்விடலாம் என்றார். பூங்கொடி சாலையில் குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே கையால் அளந்தாள். "இன்னும் ஒரு சாண் இருக்குதுங்க. மெல்ல வாங்க, நான் சொல்றேன்" என்றாள். நான்கு முறை முன்னும் பின்னும் நகர்த்தி லாரி திரும்பியது. சுற்றுலா வந்த கார்க்காரர்கள் ஹாரன் அடித்தபடியே இருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளக்கடை என்ற மலையூரில் பழைய காப்பி குடோன் ஒன்றைத்தான் ஷெட்டாக மாற்றியிருந்தாள். நிறுவி முடிக்க நான்கு நாட்கள் ஆயின. கடைசி நாளில் மெஷினை ஓடவிட்டு, கதவைத் திறந்தாள். நின்றது. மூடி ஓடவிட்டு மறுபடி திறந்தாள். நின்றது. பேலட் மாறும்போது ஒருமுறை, கட்டர் சுற்றும்போது ஒருமுறை என்று திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த என்னால் தாங்க முடியவில்லை.

"பூங்கொடி, அன்னிக்கு அந்த ஒயரைக் கட்டினது நான்தான்."

அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியுமுங்கண்ணா. நீங்க கட்டறப்ப பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். நானும் வேண்டாம்னு சொல்லலைங்களே."

"இத்தனை நாள் ஏன் கேக்கல?"

"கேட்டா என்னுங்க ஆவும்? வேற யாரையாச்சும் கூப்புட்டா, அவங்களுக்கு இது வெறும் ஸ்விட்சு. உங்களுக்கு அப்படி இல்லைங்கல்ல. அதனாலதான் உங்களையே கூப்புட்டேன்."

அன்று அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்து மலையிறங்கினேன். மன்னிப்பதைவிடப் பெரிய ஒன்றை அவள் செய்திருந்தாள், என்னை நம்பியிருந்தாள். அதை நான் கெடுத்த கதை இனிமேல்தான்.

காப்பிப் பழத் தோலுரிக்கும் பல்ப்பர் மெஷின்களுக்கான பாகங்கள், சமவெளியிலிருந்த ஒரு பம்பு கம்பெனிக்கான அலுமினிய மூடிகள் என்று வேலை நன்றாகவே நடந்தது. உதவிக்கு வள்ளி என்ற பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டாள். ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அன்று பார்த்துக் கதவு ஸ்விட்ச் கெட்டுவிட்டது. கதவை மூடினாலும் திறந்திருப்பதாகச் சொல்லி மெஷின் ஓட மறுத்தது. மறுநாள் மாலைக்குள் மூடிகள் வராவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார். பூங்கொடி என்னை அழைத்தாள். வர வழியில்லை என்றேன். அவளுக்கு உதவ வேண்டும் என்ற நினைப்பில், யோசிக்காமல், இதையும் சொன்னேன்.

"ஒரு நாள்தான பூங்கொடி. ரெண்டு ஒயரையும் சேத்து ஓட்டிருங்க. நான் வந்து சரி பண்ணிடறேன்."

ஷெட் கூரையில் மழை விழும் சத்தம்கூடப் போனில் தெளிவாகக் கேட்டது.

"நாளைக்கு வள்ளி வருவாளுங்கண்ணா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் புது ஸ்விட்சை எடுத்துக்கொண்டு மலையின் மறுபக்கமுள்ள குப்பனூர் வழியாகச் சுற்றி, கிடைத்த வண்டிகளில் மாறி மாறி ஏறிப் போய்ச் சேர்ந்தேன். ஷெட் திறந்திருந்தது, மெஷின் நின்றிருந்தது. பூங்கொடியும் வள்ளியும் தரையில் உட்கார்ந்து, முடிந்த மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்விட்சை மாற்றி முடிக்கும்போது மதியமாகிவிட்டது. எப்படி ஓட்டினாலும் மாலைக்குள் வேலை முடியாது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கம்பெனி சொன்னபடியே வேறிடம் போனது, திரும்பி வரவில்லை. மறுபடியும் கையில் போதிய வேலை சேர்வதற்குள் ஒரு காப்பி சீசன் முழுவதும் ஓடிப்போயிற்று.

அன்று மதியம் அவள் போட்ட சோற்றை, அவளை நிமிர்ந்து பார்த்துச் சாப்பிட எனக்கு முகமில்லை. "நேத்து நான் போன்ல சொன்னது..." என்று தொடங்கினேன்.

"நேத்து நொம்ப மழைங்கண்ணா" என்றாள் பூங்கொடி, ரசத்தை ஊற்றியபடி. "லைனே சரியில்லை. நீங்க சொன்னது எதுவும் எனக்குக் காதுல உழுவல."

அதன் பிறகு அவள் இருந்தவரை அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவேயில்லை.

காரியத்தன்று வள்ளி என்னிடம் வந்து, மெஷினை விற்க வேண்டாம் என்றும் தானே ஓட்டுவதாகவும் சொன்னாள். அண்ணாமலை தலையாட்டினார். இப்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது.

பூங்கொடியிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். நாள் முழுக்கப் பட்டறைக்காரர்கள் போனில் அவசரமாக ஏதாவது கேட்கிறார்கள். சில சமயம் என் வாய் இன்னமும் சுலபமான வழியைச் சொல்லிவிடுகிறது. அப்போதெல்லாம் உடனே திரும்ப அழைத்து, "இப்ப நான் சொன்னது தப்பு, அதைச் செய்யாதீங்க" என்று சொல்கிறேன். எல்லோரும் பூங்கொடி இல்லை. அவர்களுக்கு லைன் நன்றாகவே கேட்டிருக்கும்.